சதுரடி ரேட்டைப் போனில் சொல்லாதீர்கள்: பெயின்டிங் கான்ட்ராக்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனை எடுத்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: "சதுரடி என்ன ரேட் போடுறீங்க?" யோசித்தால் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவாரோ என்று நாமும் சட்டென்று ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறோம். பெயின்டராக இருந்து கான்ட்ராக்டராக மாறியவர்கள் காசை விடுவது பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்தில்தான். பிரஷ் பிடிப்பதில் யாரும் தோற்பதில்லை.

நீங்கள் 20 ரூபாய் என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். 1,000 சதுரடி வீட்டுக்காரர் காதில் விழுவது 20,000 ரூபாய். அவர் நினைப்பது தரைப் பரப்பு. நீங்கள் அளப்பது சுவரும் சீலிங்கும். உள்பக்கம் மட்டுமே அது 3,000 சதுரடியைத் தாண்டும், அதாவது 60,000 ரூபாய். சண்டை பில் கொடுக்கும் அன்றைக்குத்தான் வெளியே வரும். தரைப் பரப்பை மூன்றால், மூன்றரையால் பெருக்கும் மனக்கணக்கும் எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி: சுவர் நான்கும் சேர்த்து 440, சீலிங் 120, மொத்தம் 560. தரையோ 120 சதுரடிதான். அறைகள் சின்னதாக இருந்தால் சுவர் கூடும். சமையலறையில் டைல்ஸ் உயரமாக ஏறியிருந்தால் குறையும். டேப்பை எடுத்துக்கொண்டு நேரில் போவதைத் தவிர வேறு வழி கிடையாது. கதவு, ஜன்னல் அளவைக் கழிப்பீர்களா மாட்டீர்களா என்பதையும் அன்றைக்கே பேசி எழுதிவிடுங்கள்.

போனதும் அளப்பதற்கு முன்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர். சுரண்டாமல் பட்டி (சுவரின் மேடுபள்ளத்தை நிரப்பும் மாவு) வைத்தால் பட்டியோடு சேர்ந்து உரிந்து வரும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய வீட்டுக்குப் போனிலேயே ரேட் சொல்லிவிட்டேன். போய்ச் சுரண்டினால் நீலம், அதற்குக் கீழே ரோஸ், அதற்குக் கீழே மறுபடியும் சுண்ணாம்பு. இரண்டு பேர் ஆறு நாள் சுரண்டினார்கள். அந்தக் கூலி முழுக்க என் பையிலிருந்து போனது. அன்றிலிருந்து என் கொட்டேஷனில் சுரண்டும் வேலையைத் தனியாக எழுதிவிடுகிறேன்.

ஓதம் ஏறிய சுவர் இன்னொரு குழி. பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவரில் உப்பு பூத்திருந்தால் அது பெயின்டின் நோய் இல்லை, குழாயின் நோய். கசிவை அடைக்காமல் என்ன விலை பெயின்ட் அடித்தாலும் பொரிந்து வரும், கெட்ட பெயர் நமக்கு. "கசிவைச் சரிசெய்து கொடுத்தபின்தான் இந்தச் சுவர்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புது சிமென்ட் பூச்சும் அப்படித்தான். நான்கு வாரமாவது காயாமல் பட்டி வைக்கக் கூடாது. கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். தேதி அவர்களுடையது, பொரிந்த சுவர் நம்முடையது.

கூலிக் கணக்கு

3,000 சதுரடிக்கு இரண்டு கோட் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), இரண்டு கோட் எமல்ஷன் பெயின்ட் என்றால் சுமார் 30 ஆள் கூலி ஆகும். கணக்குக்கு ஆள் கூலி 1,000 என்று வையுங்கள்: 30,000. லேபர் மட்டும் சதுரடிக்கு 12 ரூபாய் பேசியிருந்தால் கைக்கு வருவது 36,000. மிச்சம் 6,000. ஏணி, ரோலர், உப்புத்தாள், டீ, பெட்ரோல் எல்லாம் அதற்குள்தான். அப்புறம் டச்சப், அதாவது அழுக்கான இடத்தை மறுபடி தொட்டு அடிப்பது. எலக்ட்ரீஷியன் கடைசியில் வந்து சுவிட்ச் பலகையைக் கழற்றி மாட்டுவார்; ஐந்து விரலும் சுவரில் பதியும். இரண்டு ஆள் இரண்டு நாள் டச்சப்புக்குப் போனால் 4,000 போச்சு. அதனால் ஃபேன், லைட், கதவு வேலை எல்லாம் முடிந்தபிறகுதான் கடைசி கோட். தப்பித்தவறி முன்னாலேயே அடித்துவிட்டால் அதே பேட்ச் பெயின்ட் ஒரு லிட்டராவது எடுத்துவையுங்கள். வேறு பேட்ச்சில் ஒட்டுப் போட்டால் வெயில் விழும் சுவரில் திட்டுத்திட்டாகத் தெரியும்.

மெட்டீரியலோடு எடுத்தால் லாபம் கூடும்தான். ஆனால் கடைக்காரர் கடன் ஒரு மாதம், வீட்டுக்காரர் பணம் மூன்று மாதம் என்றால் நடுவில் நசுங்குவது நாம். பட்டி முடிந்ததும் ஒரு தவணை, பிரைமர் முடிந்ததும் ஒன்று, முதல் கோட் முடிந்ததும் ஒன்று என்று வாங்குங்கள். கடைசிக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் நிற்கக் கூடாது.

லைசென்ஸ், ஜிஎஸ்டி

தமிழ்நாட்டில் தனியார் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கத் தனி லைசென்ஸ் கிடையாது. எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்கு உண்டு, நமக்கு இல்லை. பொதுப்பணித்துறை மாதிரி அரசு வேலை வேண்டுமானால் அந்தத் துறையில் பதிய வேண்டும். "பெயின்டிங் லைசென்ஸ் எடுத்துத் தர்றேன்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். உத்யம் (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) செய்துவைப்பது நல்லது, வங்கிக் கடனுக்கு உதவும். அரசு தளத்தில் அது முழுக்க இலவசம். ஆதாரும் பான் நம்பரும் போதும். அதற்கும் காசு பிடுங்குகிற தளங்கள் இருக்கின்றன, முகவரியைப் பார்த்துப் போங்கள்.

ஜிஎஸ்டியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சேவைத் தொழிலுக்கு வருடத்தில் 20 லட்சம் தாண்டினால் பதிவு கட்டாயம். லாபம் 20 லட்சம் இல்லை, மொத்த வரவு 20 லட்சம். மெட்டீரியலோடு எடுத்தால் பெயின்ட் விலையும் சேர்ந்துதான் கணக்காகும். இரண்டு லட்ச ரூபாய் வீடு பத்து முடித்தால் அந்த 20 லட்ச எல்லைக்கு வந்துவிட்டீர்கள், கையில் நின்றது மூன்று லட்சமாக இருந்தாலும் சரி. லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடா என்ற முடிவை இதையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

பதிந்தால் வரி 18 சதவீதம். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு மொத்த வரவில் 6 சதவீதம் மட்டும் கட்டும் காம்போசிஷன் வழி உண்டு. ஆனால் அந்த வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது, வெளிமாநில வேலையும் எடுக்க முடியாது. ஓசூரில் இருந்துகொண்டு பெங்களூரு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதிவே இல்லாமல் பில்லில் "ஜிஎஸ்டி 18%" என்று போட்டு வாங்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அது சாமர்த்தியம் இல்லை, குற்றம். இன்னொன்று, கம்பெனி வேலைக்குப் பான் நம்பர் கொடுக்காமல் விட்டால் 1 சதவீதத்தில் முடிய வேண்டிய டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) 20 சதவீதமாகப் பிடிபடும்.

ஆட்கள் விஷயம். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது கான்ட்ராக்டர். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயின்டர்களும் சேரலாம். 18 முதல் 60 வயது வரை. உள்ளூர் ஆளோ பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவரோ, பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். விபத்து இழப்பீட்டு பாலிசி ஒன்றும் எடுத்துவையுங்கள். இரண்டு மாடிக்கு மேல் வெளிச்சுவர் எடுக்கிறவர் இதில் கணக்குப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடை, டோக்கன், சீசன்

2024 பிப்ரவரியில் பிர்லா ஓபஸ் வந்ததிலிருந்து பெயின்ட் சந்தையில் போட்டி கடுமை. செய்யாற்றிலேயே அவர்களுக்கு ஆலை இருக்கிறது. ஏஷியன், பெர்ஜர், நிப்பான் எல்லோருமே பெயின்டரைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்க்கிறார்கள். பட்டி மூட்டையிலும் பெயின்ட் வாளியிலும் பெயின்டருக்குப் பரிசாக வரும் டோக்கனும் பாயின்ட்டும் அதற்குத்தான். வாங்குவது தப்பில்லை. டோக்கன் அதிகம் என்பதற்காகச் சுவருக்கு ஒவ்வாத சரக்கைச் சிபாரிசு செய்வதுதான் தப்பு. வீட்டுக்காரர் மெட்டீரியல் வாங்கித் தரும் வேலையில் டோக்கன் யாருக்கு என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். இருபது ரூபாய் டோக்கனுக்காகக் கெட்ட பெயர் வாங்கியவர்கள் உண்டு. பெரிய கம்பெனிகள் தாங்களே ஆள் வைத்து வீட்டுக்குப் பெயின்ட் அடித்தும் தருகின்றன. அவர்களோடு ரேட்டில் மோதாதீர்கள். ஐந்து வருடம் கழித்தும் போனை எடுக்கிற ஆள் என்பதுதான் நம் பக்க பலம்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் நான்கு வீட்டை ஒன்றாக ஒப்புக்கொண்டு, ஆளைப் பிரித்துப் போட்டு, எதையும் முடிக்காமல் நிற்பது வருடாவருடம் நடக்கிறது. அந்த நேரத்தில் கூலியும் ஏறும், ஐப்பசி மழையில் வெளிச்சுவரும் நிற்கும். ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லாததால் வேலை மந்தம், ஆனால் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும். ரேட்டில் கொஞ்சம் இறங்கியாவது வெளிச்சுவர் வேலையை அந்த மாதத்துக்குப் பேசி வாங்குங்கள், ஆட்களும் கையைவிட்டுப் போக மாட்டார்கள். இரும்பு கேட்டை மட்டும் ஆவணிக்குத் தள்ளிவையுங்கள்; ஆடிக்காற்றில் எனாமல் அடித்தால் தூசு ஒட்டி, காய்ந்தபின் தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும்.