கட்டணங்கள் அடங்கிய வாடகை வீடு: கையெழுத்திடும் முன் செய்ய வேண்டியவை

மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் வாடகையிலேயே அடக்கம் என்று சொல்லப்படும் அடுக்குமாடி வீட்டை முதன்முறையாக எடுக்கப் போகிறவர்களுக்காக, என் வீட்டை எடுத்தபோது நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். வீடு தேடுவதையும் முன்பணம் பேசுவதையும் விட்டுவிட்டு, எவை அடக்கம், எவ்வளவு வரை அடக்கம் என்பதை மட்டும் பார்ப்போம்.

படி 1: பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்

மின்சாரம், குடிநீர், கழிவுநீர், சமையல் எரிவாயு, இணையம், குப்பை அகற்றல், பொதுப் பராமரிப்பு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். தொலைபேசியில் பேசி முடித்திருந்தாலும், பேசியதை மின்னஞ்சலில் அனுப்பி ஒப்புதல் பெறுவதையே நான் விரும்புகிறேன்.

படி 2: உச்சவரம்பு

வரம்பில்லாமல் மின்சாரம் தரும் உரிமையாளர்கள் குறைவு. வரம்பு இருக்குமானால் அதைப் பணத்தில் அல்லாமல் யூனிட்டில் குறிக்கச் சொல்லுங்கள். பணத்தில் குறித்தால், கட்டணம் உயரும்போது உங்களுக்குக் கிடைக்கும் மின்சாரம் தானாகக் குறைந்துவிடும். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,500 வாட் இழுக்கும் குளிர்சாதனம் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் 12 யூனிட். கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுவதால் உண்மையான செலவு இதற்குக் கீழேதான் இருக்கும். மாத வரம்பைவிட ஆண்டு வரம்பு நல்லது, ஏனெனில் கோடையில் மிகுவதைக் குளிர்மாதங்கள் ஈடுகட்டும்.

படி 3: மீட்டரைச் சோதியுங்கள்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுவே. வரம்புக்கு மேல் போனால் மீட்டர் காட்டும் அளவுக்கே பணம் கேட்பார்கள் என்பதால், அந்த மீட்டரில் உங்கள் வீடு மட்டும்தான் இணைந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும். மாடிப்படி விளக்கும் தண்ணீர் மோட்டாரும் ஒரு குடியிருப்பின் மீட்டரிலேயே இணைக்கப்பட்டிருப்பதுண்டு.

உரிமையாளரின் அனுமதியுடன் வீட்டுக்குள் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். மின்னணு மீட்டரின் சிறு சிவப்பு விளக்கு மின்னுவது நின்றுவிட வேண்டும். சில மீட்டர்களில் அது அணையாமல் நிலையாக எரியும், அதுவும் சரியே. தொடர்ந்து மின்னினால் வேறு ஏதோ ஒன்று அதில் ஓடுகிறது. மோட்டார் எப்போதாவது மட்டுமே ஓடும் என்பதால், அதைப் போடச் சொல்லி இன்னொரு முறையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல்கள் என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். அது 3,200 என்றால், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி மட்டும் சூடேறிக்கொண்டிருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 53 முறை மின்ன வேண்டும். எண்ணிக்கை வெகுவாக விலகினால் கையெழுத்தைத் தள்ளிப்போட்டு விளக்கம் கேளுங்கள். தண்ணீர் மீட்டருக்கு எளிய வழி உண்டு: எல்லாக் குழாய்களையும் மூடி, எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி கழித்துப் பாருங்கள், நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

குடிபுகும் நாளில் இரண்டு மீட்டர்களையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். பிறகு மாதந்தோறும் ஒரு தாளில் எண்ணைக் குறித்து வந்தாலே போதும். இதற்கென்று செயலி எதுவும் தேவையில்லை.

படி 4: கணக்கு

கடந்த பன்னிரண்டு மாத ரசீதுகளைக் கேட்டு வாங்கிச் சராசரி பாருங்கள். கட்டணங்கள் அடங்காத இதே போன்ற வீட்டின் வாடகைக்கும் இந்த வாடகைக்கும் உள்ள வேறுபாடு அந்தச் சராசரியைவிட மிகுதி என்றால், தனியாகக் கட்டும் வீடே லாபம்.

படி 5: ஒப்பந்தம்

இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால், அவர் கட்டத் தவறினால் இருட்டில் இருப்பவர் நீங்கள். அப்படி நேர்ந்தால் நீங்களே கட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

வாசகர்கள் சுட்டிக்காட்டிய இரண்டு சிக்கல்கள். பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும் ஊர்களில், பல குடும்பங்கள் ஒரே மீட்டரைப் பகிர்ந்தால் எல்லாருடைய பயன்பாடும் சேர்ந்து மேல்படிக்குப் போய்விடும். சிக்கனமாக இருப்பவரும் உயர்ந்த விலையையே கொடுக்க நேரும். எனவே வீட்டுக்கொரு துணைமீட்டர் இருக்கிறதா என்றும், அதற்கு எந்த விலையில் கணக்கிடுகிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் பெயரில் மின்ரசீது வராது என்பதால், முகவரிச் சான்றாகப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஏற்கப்படுமா என்பதை உங்கள் வங்கியில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.