நூனவுட்டில் வீடு வாங்குமுன்: காணி உங்களுக்குக் கிடைக்காது

தாதியாகவோ ஆசிரியராகவோ கணக்காளராகவோ கனடாவின் வடகோடியில் உள்ள நூனவுட்டில் வேலை கிடைத்து, டொரொன்டோப் பக்கத்து ஸ்காபரோவிலிருந்தும் மார்க்கத்திலிருந்தும் புறப்பட ஆயத்தமாகும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். குளிருக்கு உடுப்பு உண்டு. வீட்டுக்குத்தான் வழி குறைவு. 25 ஊர்கள், ஓர் ஊருக்கும் மற்ற ஊருக்கும் இடையே சாலை கிடையாது, பலகையும் ஆணியும் கூடக் கோடையில் வரும் சரக்குக் கப்பலில்தான் வந்து இறங்க வேண்டும் என்ற நிலையில், இங்கே வெற்று வீடு என்று ஒன்று இருப்பது அரிது. 2022ஆம் ஆண்டில் நாங்கள் பட்ட பாட்டை இன்னொரு குடும்பம் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வேலைக்கான அலுவல்களை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள் என்பதால் அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியமனக் கடிதத்தில் பணியாளர் குடியிருப்பு உறுதியாக எழுதப்பட்டிருக்க வேண்டும்; “வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று தொலைபேசியில் சொல்லப்படும் வீட்டை நம்பி விமானம் ஏறாதீர்கள். சந்தை வாடகையை விடக் குறைந்த வாடகைக்கு வேலைத்தலம் வீடு தந்தால், அந்த வித்தியாசம் வரிக்குரிய வருமானமாக, ஆண்டுச் சம்பள விவரம் காட்டும் உங்கள் டி4 படிவத்தில் ஏறும். தொடர்ச்சியாக 6 மாதம் வாழ்ந்துவிட்டால் வடபகுதி வாசிகளுக்கான வரிக்கழிவு நாளொன்றுக்கு 11 டொலர் கிடைக்கும். வீட்டில் வேறு ஒருவரும் கோரவில்லை என்றால் மேலும் 11 டொலர் சேரும். கணவனும் மனைவியும் வேலை செய்தால் யார் கோருவது என்பதை முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

பொது வீட்டுவசதியைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். நூனவுட் வீட்டுவசதிக் கூட்டுத்தாபனத்தின் வீடுகளை ஒவ்வோர் ஊரிலும் ஓர் உள்ளூர் வீட்டுவசதி அமைப்பு பராமரிக்கிறது. மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள். வாடகைத் தொகை வருமானத்தைப் பொறுத்தது என்று கேட்டவுடன் நமக்கு ஆசை வரும். அந்த வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். 1950களிலும் 60களிலும் வேட்டையாடி நிலமெங்கும் வாழ்ந்த, இந்த மண்ணின் பூர்வகுடிகளான இனுயிட் குடும்பங்களை ஊர்களில் குடியேற்றியபோது தரப்பட்டவை தீப்பெட்டி வீடுகள் என்று பெயர் பெற்ற ஒற்றையறை மரவீடுகள். 1993ஆம் ஆண்டில் மத்திய அரசு புதிய சமூக வீடுகளுக்குப் பணம் தருவதை நிறுத்தியபோது, பிறப்பு வீதம் உயர்ந்திருந்த இந்தப் பகுதிதான் அதிகம் அடிபட்டது. 2021 கணக்கெடுப்பின்படி இனுயிட் தாயகப் பகுதிகளில் வாழும் இனுயிட் மக்களில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் நெருக்கடியான வீடுகளில் இருக்கிறார்கள். என் மகளின் வகுப்புத் தோழி ஒருத்தி காலையில் வகுப்பில் தூங்கிவிடுவாள். படுக்கை போதாததால் அந்த வீட்டில் முறைவைத்துத் தூங்குகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல சம்பளத்தோடு வரும் நாம் அந்த வரிசையைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே நமக்கு இருப்பவை இரண்டு வழிகள்: வேலையோடு வரும் வீடு, அல்லது வாங்கும் வீடு. வேலையோடு வரும் வீடு வேலையோடு போய்விடும். அந்தப் பயமே எங்களை வாங்கத் தூண்டியது. முதற்கொடுப்பனவுக்கு உதவும் திட்டம் கூட்டுத்தாபனத்திடம் இருக்கிறது. அது கடனாகத்தான் தரப்படும், குறித்த ஆண்டுகள் அந்த வீட்டிலேயே வாழ்ந்தால் சிறிது சிறிதாகத் தள்ளுபடியாகும். இடையில் விற்றுவிட்டுத் தெற்கே திரும்பினால் மிச்சத்தைக் கட்ட வேண்டும். பழுதுபார்ப்புக்கும் தனித் திட்டங்கள் உண்டு. 2022 ஒக்டோபரில் அறிவிக்கப்பட்ட நூனவுட் 3000 என்ற திட்டம் 2030க்குள் 3,000 வீடுகளைக் கட்டுவதாகச் சொல்கிறது. தகுதி விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைக் கூட்டுத்தாபனத்தில் நேரே கேளுங்கள்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். நாம் வீடு வாங்குவது என்றால் காணி வாங்குவதையே நினைக்கிறோம். யாழ்ப்பாணத்தில் வீடு இடிந்து கிடந்தாலும் காணியும் கிணறும் இருந்தால் விலை உண்டு. உறுதி, அதாவது காணிப் பத்திரம், கையில் இருந்தால் தலைமுறைக்கும் நிம்மதி. ஒன்ராறியோவிலும் தனி வீடு வாங்கினால் வளவும் சேர்ந்தே வருகிறது. நூனவுட்டின் ஊர்களில் காணி விற்பனைக்கு இல்லை. இனுயிட் மக்களுக்கும் அரசுக்கும் இடையிலான 1993ஆம் ஆண்டின் நூனவுட் உடன்படிக்கையின்படி ஊருக்குள் உள்ள நிலம் ஊராட்சிக்குச் சொந்தமானது; ஊர் மக்கள் வாக்கெடுப்பில் சம்மதித்தால் மட்டுமே அதை விற்க முடியும். 1995இல் கேட்டார்கள், மக்கள் மறுத்தார்கள். 2016 மே மாதத்தில் மறுபடி கேட்டபோது 25 ஊர்களும் மறுத்தன. எனவே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது வீட்டை; அதன் கீழுள்ள நிலம் உங்களுக்குக் குத்தகையாகவே வரும். அந்தக் குத்தகைக்கு முடிவு நாள் உண்டு, நிபந்தனைகள் உண்டு, விற்பவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற ஊராட்சியின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் நாங்கள் உரிய கவனத்தோடு படிக்கவில்லை. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. 2022 மே மாதத்தில் மூன்று அறைகள் கொண்ட ஒரு வீட்டுக்கு விலை பேசினோம். வங்கி 120 நாள்களுக்கு வட்டி வீதத்தைப் பிடித்து வைத்தது. செப்டெம்பர் 1 சாவி கைமாறும் நாள் என்று ஒப்பந்தம் சொன்னது. தெற்கே எல்லாம் நாள் தவறாமல் நடந்து பழகிய நாங்கள், ஜூலையிலேயே பணியாளர் வீட்டைத் திருப்பித் தருவதாகக் கடிதம் கொடுத்தோம். கடிதம் போன ஒரு வாரத்துக்குள் அந்த வீடு புதிதாக வரும் ஒருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. அதில் எவரையும் குறை சொல்ல முடியாது. இங்கே ஒரு வீடு ஒரு நாளும் வெறுமனே இருக்காது.

ஆகஸ்டு மூன்றாம் வாரம் சட்டத்தரணியிடமிருந்து அழைப்பு வந்தது. விற்பவர் சில ஆண்டுகளாகக் குத்தகைப் பணத்தைச் சரியாகக் கட்டவில்லை. அது கூடப் பெரிதில்லை, விற்பனைப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம். வீட்டின் பின்புறம் அவர் சேர்த்துக் கட்டிய குளிர்முன்றிலும் (சூடாக்கப்படாத வாசல் அறை), சூடாக்கும் எண்ணெய்த் தொட்டியும் எல்லையைத் தாண்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளியே நின்றன. அந்தப் பக்கத்து நிலம் எவருக்கும் குத்தகைக்கு விடப்படாத ஊர் நிலம். எல்லைப் பிரச்சினை தீராமல் பெயர்மாற்றத்துக்குச் சம்மதம் கிடைக்காது. சம்மதம் இல்லாமல் வங்கி பணத்தை விடுவிக்காது. புதிய அளவைப் படம் வேண்டும் என்றார்கள். ஊரில் நில அளவையாளர் இல்லை, விமானத்தில்தான் வர வேண்டும். அவர் வந்த அன்று காலை முதற்பனி கொட்டியிருந்தது. எல்லைக் குற்றிகளை மண்வெட்டியால் பனியைக் கிளறித் தேடியதை நான் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக இரண்டு குடும்பங்கள் பத்து வருடம் பேசாமல் இருந்ததைக் கண்டவள் நான். அந்த நினைவு இருந்தும் எல்லையைக் கேட்கத் தோன்றவில்லையே என்று அன்று மனம் நொந்தேன்.

செப்டெம்பர் முதல் டிசெம்பர் நடுப்பகுதி வரை நாங்கள் நால்வரும் உடன் வேலை செய்யும் ஒரு ஃபிலிப்பினோ குடும்பத்தின் ஓர் அறையில் இருந்தோம். அவர்கள் செய்த உதவியை என்றும் மறக்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டுக்குத் தண்ணீர் லொறியில் வந்தது. எட்டுப் பேர் குளித்தால் கழிவுநீர்த் தொட்டி நிறைந்துவிடும், அது நிறைந்தால் தண்ணீர்ப் பம்பு தானாக நின்றுவிடும். பிள்ளைகளைக் குளிக்க வேண்டாம் என்று சொன்ன இரவுகள் இருக்கின்றன. கப்பலில் நாங்கள் வரவழைத்த ஓர் ஆண்டுக்கான அரிசி, பருப்பு, மா, மிளகாய்த்தூள் எல்லாம் நிரம்பிய மரப்பெட்டி, வாங்கவிருந்த வீட்டின் முகவரிக்கே வந்து அதன் வாசலில் இறங்கியது. திறந்து வைக்க இடம் இல்லாததால் அது பனிக்குள் அப்படியே நின்றது. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும் வழியில் எங்கள் சோற்றைத் தெருவில் பார்த்துக்கொண்டு போனோம். அம்மா தொலைபேசியில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: “உறுதி கைக்கு வந்திட்டுதோ பிள்ளை?” இங்கே உறுதியே கிடையாது என்பதை அவருக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

கடைசியில் முன்றில் வெட்டப்பட்டது, தொட்டி நகர்த்தப்பட்டது, சபை கூடிச் சம்மதம் தந்தது. அதற்குள் வங்கி பிடித்து வைத்திருந்த வட்டி வீதம் காலாவதியாகிவிட்டது. மே மாதத்தில் நாட்டின் மத்திய வங்கியான கனடா வங்கியின் வீதம் 1 விழுக்காடாக இருந்தது. டிசெம்பர் 7ஆம் திகதி அது 4.25 ஆனது. மூன்றரை மாதத் தாமதத்துக்காக நாங்கள் மாதந்தோறும் கூடுதலாகக் கட்டும் தொகை இன்றும் எங்கள் கணக்கில் இருந்து போகிறது.

அந்த நாள்களில் எனக்குக் கடும் கோபம் இருந்தது. காணியை விற்றுத் தொலைத்தால் என்ன என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டில் இருக்கும் வயது முதிர்ந்த இனுயிட் அம்மா, தன் பேத்தியை மொழிபெயர்க்க வைத்து எனக்குப் பதில் சொன்னார்: விற்றால் பணமுள்ள வெளியார் வாங்குவார்கள், பிறகு எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றார். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறி, சொந்தக் காணியைக் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தவர் என் அம்மா. அதன் பிறகு அந்தக் கேள்வியை நான் எவரிடமும் கேட்டதில்லை. விதி சரியானது. விதியை அறியாமல் வருவதுதான் எங்களைக் கெடுத்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விலை பேசுவதற்கு முன்பே விற்பவரிடம் குத்தகைப் பத்திரத்தின் பிரதியை வாங்கி, முடிவு நாளைப் பாருங்கள். உங்கள் கடனை அடைத்து முடிக்கும் ஆண்டையும் தாண்டி அது நீளாவிட்டால் வங்கி தயங்கும், ஆகவே புதுப்பித்துத் தருவது விற்பவரின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஊராட்சி அலுவலகத்தில் காணி நிர்வாகி என்று ஒருவர் இருப்பார்; அவரிடம் நேரே போய், நிலுவை உண்டா, எல்லையில் சிக்கல் உண்டா என்று கேளுங்கள். அளவைப் படம் பழையதாக இருந்தால், அதற்குப் பிறகு எதுவும் சேர்த்துக் கட்டப்பட்டதா என்று உங்கள் கண்ணாலேயே சுற்றிப் பாருங்கள்: முன்றில், எண்ணெய்த் தொட்டி, படிக்கட்டு, பொருள் வைக்கும் கொட்டகை எல்லாவற்றையும். இதை ஜூலையில், நிலம் தெரியும்போது செய்யுங்கள். குத்தகைப் பெயர்மாற்றத்துக்கு ஊராட்சி தரும் சம்மதத்தை ஒப்பந்தத்தின் நிபந்தனையாக வையுங்கள். தெற்கில் இருக்கும் சட்டத்தரணியை நாடினால், நூனவுட் குத்தகைகளை முன்பு கையாண்டவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவி கையில் வந்து, பெட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும் நாள் வரை பணியாளர் வீட்டை விடுவதாக ஒரு வரியும் எழுதிக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் இரட்டைச் செலவு வந்தாலும் அது மலிவு.

வீட்டையும் ஒரு முறை சோதியுங்கள். உறைநிலம் கரைந்து நகர்வதால் இங்கே வீடுகள் தூண்களிலோ, திருகி உயர்த்தக்கூடிய இரும்புத் தாங்கிகளிலோ நிற்கின்றன. நாங்கள் பார்க்கப் போன இன்னொரு வீட்டில் என் கணவர் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் குசினித் தரையில் வைத்தார். அது தானாக உருண்டு போய் எதிர்ச் சுவரில் முட்டியது. அங்கே கதவுகளும் முழுதாக மூடவில்லை. தாங்கிகளைச் சரிசெய்யலாம்தான், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும்.

எங்கள் மரப்பெட்டியை டிசெம்பர் 17ஆம் திகதி திறந்தோம். அரிசிக்கும் பருப்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊறுகாய்ப் போத்தல்கள் எல்லாம் உறைந்து வெடித்திருந்தன. அடுத்த கப்பலில் பிளாஸ்டிக் போத்தலில் போட்டுத்தான் வரவழைத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.