தெப்பக்குளத்து செல்ஃபிக்குத் தெரியாதவர்கள் லைக் போட்டால்

சாயங்காலம் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து ஒரு செல்ஃபி. கூடப் படித்தவர்கள் பார்ப்பார்கள் என்று போட்டால், முகம் தெரியாத ஆட்கள் இன்பாக்ஸில் "சாப்டீங்களா?" என்று வரிசை கட்டுகிறார்கள். படத்தில் ஒரு தப்பும் இல்லை. செட்டிங்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"எனக்கு இருக்கிறதே இருநூறு ஃபாலோயர், யார் பார்க்கப்போறா?" என்ற நினைப்பில்தான் பலர் மாட்டுகிறார்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு பப்ளிக்காக இருந்தால், உங்கள் ரீல்ஸை உங்களைப் பின்தொடராதவர்களுக்கும் அந்தச் செயலியே கொண்டுபோய்க் காட்டும். பிரைவேட்டாக மாற்றினால் நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள். ஃபேஸ்புக்கில் பழைய பப்ளிக் பதிவுகளை மொத்தமாக 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்ற வழி இருக்கிறது. கல்யாண ஆல்பம், காதுகுத்துப் படம் எல்லாம் அதில் அடங்கிவிடும். வாட்ஸ்அப் டிபியையும் யார் பார்க்கலாம் என்று செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது லொகேஷன். கேமராவில் லொகேஷன் போட்டிருந்தால் எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகும். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் பதிவேற்றும்போது அதை மற்றவர்களுக்குக் காட்டாமல் எடுத்துவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஆனால் எனக்கு இதைவிடப் பயம் படத்தின் பின்னணிதான். மார்கழிக் கோலத்தைப் போடுகிறீர்கள். வாசலில் கதவு எண், பக்கத்தில் டிஎன் 58 நம்பர் பிளேட்டோடு வண்டி. இன்னொரு நாள் பள்ளிச் சீருடையில் பிள்ளை, கழுத்தில் அடையாள அட்டை. அப்புறம் 'குடும்பத்தோடு கொடைக்கானல்' என்று ஒரு ஸ்டோரி. தனித்தனியாக ஒன்றும் இல்லை, சேர்த்துப் பார்ப்பவனுக்கு வீடும் தெரியும், வீட்டில் ஆள் இல்லாததும் தெரியும். ஊர்ப் படத்தைத் திரும்பி வந்த பிறகு போட்டால் என்ன குறைந்துவிடும்?

மற்றவர்கள் முகத்தை நாம் யோசிப்பதே இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்குத் தடை என்பதால், செல்ஃபிக் கூட்டம் மொத்தமும் சித்திரை வீதிகளில்தான். பின்னால் நிற்கிறவர்களும் படத்தில் விழுகிறார்கள். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் பூக் கட்டும் அம்மாவை அழகாக எடுத்துப் போடுகிறோம். படம் வைரலானால் கமெண்டில் கேலி வாங்குவது அவர்தான், அவருக்கே தெரியாமல். பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குச் சொந்தமாக இருக்கலாம், முகம் அந்த அம்மாவுடையது. "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கவா, நெட்ல போடுவேன்" என்று கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் பூவை மட்டும் எடுங்கள்.

சரி, வேண்டாத ஆட்களின் கவனம் உங்கள் பக்கம் வந்துவிட்டது. கெட்ட கமெண்டுக்கு வரிக்கு வரி பதில் சொன்னால் பதிவு இன்னும் நாலு பேருக்குப் போகும். இன்ஸ்டாகிராமில் பின்தொடராதவர்களின் கமெண்டையும் மெசேஜையும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கலாம். பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், கணக்கின் லிங்க், அதன்பின் ரிப்போர்ட், பிளாக். விளம்பர வாய்ப்பு என்று ஓடிபி கேட்டால் அது கணக்கைத் திருடும் வேலை. படத்தை மார்ஃபிங் செய்து பணம் கேட்டு மிரட்டினால் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மறுபடியும் கேட்பான். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதியலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு போன் போடுங்கள்.

வீட்டில் நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. இப்படி ஒரு தொல்லை என்று பெண்பிள்ளை வந்து சொன்னதும் "உன்னை யார் போடச் சொன்னது?" என்று போனைப் பிடுங்கி வைப்பார்கள். புகாருக்கு வேண்டிய ஆதாரமெல்லாம் அந்த போனில்தான் இருக்கும். அடுத்த முறை அவள் சொல்லவும் மாட்டாள்.