கத்தரி நாற்று கருகியது நோயால் அல்ல, நார்க்கழிவு உப்பால்

மாசிப் பட்டத்துக்குத் தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் போட்ட கத்தரி நன்றாக முளைத்தது. வித்திலையோடு வளர்ச்சி நின்று, இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் கருகியது.

வெயிலோ என்று நிழல்வலை கட்டினேன், பலனில்லை. நாற்றழுகல் என்று சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை பாக்டீரியா) ஊற்றியதும் வீண். அழுகல் என்றால் தண்டு மண்மட்டத்தில் நைந்து சாயும். இங்கே விறைப்பாகவே நின்றது. மண்புழு உரம் கூட்டியதும் கருகல் அதிகமானது.

ஒருவழியாகக் கண்ணில் பட்டது, தட்டின் அடித்துளையைச் சுற்றிப் படிந்த வெள்ளைப் பொருக்கு. உப்பு! வடிநீரில், கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 1,900. குழாய்த் தண்ணீரில் 310தான். தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியம், சோடியம் உப்புகள் உண்டு. தேங்காய் மட்டையை உப்புநீரில் ஊறவைத்திருந்தால் இன்னும் கூடும்.

5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை உதிர்த்து, மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தேன். வடிநீர் 450க்கு இறங்கியது. வெறும் தண்ணீர் இதற்குமேல் உதவாது, நார் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்கும். லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓரிரவு ஊறினால், கால்சியம் அந்த இடத்தைப் பிடித்துச் சோடியத்தை வெளியே தள்ளும். காலையில் இன்னொரு அலசல்.

மறுபடி விதைத்ததில் 25ஆம் நாள் நான்கு இலை, ஓரம் சுத்தம். அப்பாடா.