பட்டாளத்துப் பழைய பை: இனம் காண்பதும் மலைக்காற்றில் காப்பதும்

குன்னூர்ப் பக்கம் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து இறங்கியதோ, காயலான் கடை மூலையில் கிடந்ததோ, பட்டாளத்துப் பை ஒன்று உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். பட்டாள முகாம் உள்ள வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே அது நடக்கக்கூடியதுதான். தயவுசெய்து அதை வாளியில் ஊறப்போடாதீர்கள். என் முதல் பையை நான் அப்படித்தான் துவைத்தேன். தண்ணீர் பச்சையாக ஓடிற்று. காய்ந்த பிறகு பட்டைகள் சுருங்கியிருந்தன. மூடியின் உள்பக்கம் மங்கலாகத் தெரிந்த மை முத்திரை அடியோடு போய்விட்டது. அது எந்த ஆண்டுப் பை என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஓடிய பச்சை அழுக்கல்ல. பிளாங்கோ என்ற பூச்சு. சிப்பாய்கள் பட்டைகளுக்கு நிறம் சீராக இருக்கத் தங்கள் கையாலேயே பூசியது. அதைக் கழுவினால் அவர்கள் கைவேலையையே கழுவிவிடுகிறோம்.

முதலில் உலர்ந்த தூசியை மட்டும் தட்டுங்கள். ஒன்றரை அங்குல பெயிண்ட் பிரஷ் போதும். பல் துலக்கும் பிரஷ் நூலைக் கிளப்பிவிடும்.

அடுத்தது முத்திரை. அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இதுதான். அறையை இருட்டாக்கி, மூடியை மேசையில் மல்லாத்தி விரித்து, டார்ச்சைத் துணியோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் வெறும் கறையாகத் தெரிவது, சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்தாக எழும்பும். டார்ச்சை மெல்லச் சுற்றி நான்கு பக்கமிருந்தும் படம் எடுங்கள். என் இரண்டாவது பையில் முதலில் தெரிந்தது ஒரு அம்புமுனை. பிறகு ‘எம்.இ.கோ’. கால் மணி நேரம் கழித்து, நெசவின் மேடுகளில் மட்டும் மை ஒட்டியிருந்த 1941.

அம்புமுனை பிரிட்டிஷ் அரசின் உடைமைக் குறி. அதைச் சுற்றி ஆங்கில ‘சி’ எழுத்து வளைந்திருந்தால் கனடா. ‘யு’ எழுத்துக்குள் நின்றால் தென்னாப்பிரிக்கா. இருபுறமும் ‘டி’ இருந்தால் ஆஸ்திரேலியா. ‘எம்.இ.கோ’ என்பது பையைத் தயாரித்த மில்ஸ் எக்விப்மென்ட் கம்பெனி. இந்தியாவில் தைத்தவற்றில் துண்டுப் பட்டைகளை இணைத்துத் தைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம். நெசவும் சற்று முரடு. அதற்காகத் தாழ்வாக நினைக்க வேண்டாம், எனக்கு அவைதான் அதிகம் பிடிக்கும்.

நான் தடுமாறிய இடம் ஒன்று உண்டு. முத்திரையில் 1941 என்று இருந்ததால், ‘1941 மாதிரி’ என்று ஒன்றைப் பல வாரம் தேடினேன். முத்திரையில் இருப்பது தைத்த ஆண்டு. மாதிரியின் ஆண்டு, அதாவது அந்த வடிவமைப்பின் ஆண்டு, வேறு: 1908, 1937, 1944, 1958 என்பவை பிரிட்டிஷ் வரிசை. மாதிரியை வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சிறிய பையைத் திறந்து உள்ளே கைவிடுங்கள். நடுவில் ஒரு தடுப்பும், அதன் முன்பாதி மறுபடி இரண்டாகவும் பிரிந்திருந்தால் 1937 மாதிரி. தண்ணீர்க் குப்பிக்கும் சாப்பாட்டு டப்பாவுக்குமான அறைகள் அவை. தடுப்பே இல்லாத பெரிய பை, 1908 மாதிரியிலிருந்து அதிக மாற்றமில்லாமல் தொடர்ந்தது. 1944 மாதிரி காட்டுப் போருக்காக வந்தது. பச்சை நிறம், எடை குறைவு.

பச்சையாக இருப்பதெல்லாம் 1944 ஆகிவிடாது. பட்டை மடிந்து தைக்கப்பட்ட இடத்தைச் சற்று விலக்கிப் பாருங்கள். உள்ளே காக்கி தெரிந்தால், மேலே இருப்பது பிறகு ஏறிய நிறம்.

பித்தளைக் கொக்கிகளில் களிம்பு இருந்தால் தென்னை ஈர்க்கின் முனையால் சுரண்டி எடுங்கள். வீட்டுப் பாத்திரத்துக்குப் போடுகிற புளி வேண்டவே வேண்டாம். புளிப்பு பருத்தி நூலை அரிக்கும். பிராசோ பாலிஷ் போட்டால் வெள்ளைப் பொடி நெசவுக்குள் தங்கிவிடும். எனக்குக் கொக்கி மங்கலாக இருப்பதே அழகு.

இனி காட்சிக்கு வைப்பது. சமவெளி நண்பர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்கச் சொல்வார்கள். ஜூனில் மஞ்சு இறங்கினால் பூட்டிய அலமாரிக்குள் பூஞ்சணம் பூத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். நான் வாங்கியவற்றில் மிகவும் பயன்பட்டது அதுதான். திறந்த தட்டு நல்லது. மழைச்சாரல் அடிக்கும் சுவரில் ஓதம் ஏறும், அதைத் தவிர்த்து உள்சுவர்ப் பக்கம், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். நேர் வெயிலும் ஆகாது.

பட்டையைப் பிடித்து ஆணியில் மாட்டாதீர்கள். பையின் எடை முழுவதும் பழைய தையலில் இறங்கும். சாய்ந்த பலகையில் உட்கார வைத்து, உள்ளே பழைய வேட்டித் துணியைத் தளர்வாகத் திணித்தால் வடிவம் நிற்கும். செய்தித்தாள் வேண்டாம், அதில் அமிலம் உண்டு.

பின்சேர்க்கை: வேட்டி திணித்த பிறகு இராமபாணப் பூச்சி வந்ததாகக் கோத்தகிரியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், அது கஞ்சி போட்ட வேட்டி. மாவுப்பொருள்தான் அந்தப் பூச்சிக்குத் தீனி. கஞ்சியும் நீலமும் போகும்வரை இரண்டு மூன்று முறை அலசி, நன்றாகக் காய்ந்த துணியை மட்டுமே பயன்படுத்துங்கள். அந்துருண்டையும் இதற்கு உதவாது. அது கம்பளி அரிக்கும் பூச்சிக்கானது.

மூடிக்குள் மையால் எழுதிய சிப்பாயின் எண்ணோ பெயரோ இருந்தால், அதன்மேல் பிரஷ்கூடப் படக் கூடாது.