பனி விழுவதற்கு முன்னால்: கல்லூரி நார்டிக் ஸ்கீ அணியில் உங்கள் முதல் இலையுதிர்காலம்

அமெரிக்காவின் வெர்மான்ட், நியூ ஹாம்ஷயர் பக்கம் செப்டம்பரில் வகுப்புகள் தொடங்கியதுமே டார்ட்மத், மிடில்பரி போன்ற கல்லூரிகளின் நார்டிக் ஸ்கீ (சமதளத்திலும் மேட்டிலும் கோல் ஊன்றி முன்னேறும் பனிச்சறுக்கு) அணிகள் பயிற்சியில் இறங்கிவிடும். போட்டிகள் ஜனவரியில் சூடுபிடித்து, மார்ச்சில் என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்) சாம்பியன்ஷிப்போடு முடியும். ஆனால் அதற்கான உடம்பு இந்தப் பனியில்லாத மாதங்களில்தான் உருவாகிறது. கிளப் அணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. மெதுவாக ஓடப் பழகுங்கள்

பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி ‘லெவல் 1’தான். பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. வாரக் கடைசியில் இரண்டு, மூன்று மணி நேரம் காட்டுப் பாதையில் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். ஏற்றம் வந்தால் நடங்கள், அதில் வெட்கமே வேண்டாம். புதியவர்கள் பெரும்பாலும் சீனியர்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய், அக்டோபருக்குள் களைத்துவிடுகிறார்கள். மெதுவாக ஓட வேண்டிய நாளில் மெதுவாகவே ஓடுங்கள். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

2. ரோலர் ஸ்கீ

பனிச்சறுக்குக்கு மிக நெருக்கமான பயிற்சி இதுதான். சக்கரம் வைத்த குட்டையான ஸ்கீ. பனியில் போடும் அதே பூட்ஸையே இதிலும் மாட்டலாம். கிளாசிக் (இரண்டு ஸ்கீயும் இணையாக, நடப்பதுபோல் போகும் முறை) வகையில் ஒரு சக்கரம் பின்னோக்கி உருளாது. அதனால்தான் காலை உதைத்து முன்னேற முடிகிறது. ஸ்கேட் (காலைப் பக்கவாட்டில் தள்ளிச் சறுக்கும் முறை) வகையில் அந்தப் பூட்டு இருக்காது. சக்கரங்களில் வேக வித்தியாசம் உண்டு, முதல் வருஷம் மெதுவானதையே கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான ரோலர் ஸ்கீயில் பிரேக் கிடையாது. அதனால் முதல் நாள் காலியான பார்க்கிங் இடத்தில் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். முழங்காலை மடக்கி, குதிகால்களை வெளியே தள்ளி, பாதங்களின் முன்பக்கத்தைக் கூரை போல் குவியுங்கள். மெதுவான வேகத்தில் மட்டுமே இது நிறுத்தும். வேகம் கூடினால் ஓரத்துப் புல்லில் ஏறி, ஓடுவதுபோல் நாலு எட்டு வையுங்கள். இறக்கமே வேண்டாம் என்று ஏற்றப் பாதையில் மட்டும் ஏறி, காரில் கீழே வருகிற அணிகளும் உண்டு. நல்ல வழக்கம் அது.

ஹெல்மெட்டும் பளிச்சென்ற மேல்சட்டையும் கட்டாயம். அக்டோபரில் நனைந்த இலைகள் தார்ச்சாலையில் ஒட்டிக் கிடக்கும், அவற்றின் மேல் சக்கரம் வழுக்கும். நவம்பரில் மான் வேட்டைக் காலம் வேறு. காட்டுக்குள் போகிறவர்கள் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும்.

கோலின் நுனியையும் கவனியுங்கள். தார்ச்சாலைக்கு கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) முனை வேண்டும். அது மழுங்கினால் ஒவ்வொரு குத்துக்கும் ‘கிரீச்’ என்று சறுக்கும், தோளும் முழங்கையும் வலிக்கும். வைர அரத்தால் அடிக்கடி தீட்டி வையுங்கள்.

3. கோலோடு மலையேற்றம்

கையில் கோலோடு செங்குத்தான மேட்டில் தாவித் தாவி ஏறுவது. கிளாசிக்கில் உதைக்கும் அதே அசைவு. அக்டோபரில் இதையே இடைவெளிப் பயிற்சியாகச் செய்வார்கள்: 4 நிமிடம் ஏற்றம், நடந்து இறக்கம், இப்படி 5 முறை. கடைசி ஏற்றமும் முதல் ஏற்றத்தின் வேகத்தில் இருந்தால் சரியாகச் செய்தீர்கள்.

4. ஜிம்

வாரம் இரண்டு நாள் போதும். புல்-அப், வயிற்றுத் தசைப் பயிற்சி, ஒற்றைக்கால் ஸ்குவாட். இரண்டு கோலையும் ஒன்றாக ஊன்றித் தள்ளும் டபுள் போலிங்கில் கை மட்டுமல்ல, வயிறும் நன்றாக உழைக்கிறது.

5. முதல் பனி

நவம்பர் கடைசியில் சில அணிகள் பனியைத் தேடி மொன்டானாவில் உள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோனுக்குப் போகும். அந்த ஊர் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, மூச்சு வாங்கும்; அதனால் முதல் இரண்டு மூன்று நாள் லெவல் 1 மட்டுமே. நிறைய தண்ணீர் குடியுங்கள், அப்புறம் சீக்கிரம் தூங்குங்கள். மூச்சு பழைய நிலைக்கு வந்த பிறகு, கோச்சிடம் கேட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள்.