சந்தியில் நிற்கும் சிலையை ஒழுங்காகப் படம் எடுக்க

வன்னியில் வெளியில் நிற்கும் சிலைகளின் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் கெட்டுப்போகின்றன. கண்குழி கறுத்திருக்கும். நாடியும் மூக்குத்துவாரமும் பெரிதாகத் தெரியும், தலை சிறுத்துவிடும். வானம் வெள்ளைக் கடதாசிபோல வெளிறியிருக்க, தோளுக்கு மேலால் நாலைந்து மின்கம்பிகள் ஓடும். இவற்றில் கம்பியை மட்டுந்தான் பிறகு நம்பித் திருத்தலாம். மற்றதெல்லாம் எங்கே நின்றோம், எத்தனை மணிக்கு நின்றோம் என்பதோடு முடிந்துவிடும் காரியம்.

வெயில் எந்தப் பக்கம்

சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று போனிலுள்ள திசைகாட்டியால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வவுனியா ஏறக்குறைய 8.75 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 12 அளவிலும் ஓகஸ்ட் 30 அளவிலும் நண்பகல் வெயில் நேர் உச்சியில் விழும். இந்த இரண்டு திகதிகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நிற்கும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம்.

வடக்கு பார்த்த சிலைக்கு மார்கழியில் போனால் நாள் முழுக்க முகம் இருட்டுத்தான். அதற்கு ஆனி, ஆடிக் காலையில் போக வேண்டும். வெயில் பக்கவாட்டில் வந்து கன்னத்தைத் தொடும். தெற்கு பார்த்த சிலைக்கு மழை வெளித்த டிசெம்பர், ஜனவரி நல்லது. கிழக்கு பார்த்ததைக் காலையிலும் மேற்கு பார்த்ததைப் பின்னேரத்திலும் எடுக்கலாம். ஆனால் சூரியன் நேர் எதிரே நிற்கும்போது எடுத்தால் முகம் தட்டையாகிவிடும், சிற்பி செதுக்கிய மேடுபள்ளம் ஒன்றும் தெரியாது.

நேரம் காலை 7.30 தொடக்கம் 8.45 வரை, பின்னேரம் 3.30 தொடக்கம் 4.45 வரை. அப்போது சூரியன் 20 முதல் 40 பாகை உயரத்தில் இருக்கும். மணிக்கூடு பார்க்கவும் தேவையில்லை, தரையில் உங்கள் நிழலைப் பாருங்கள். அது உங்கள் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடையில் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். பிறகு சிலையின் மூக்கு நிழல். அது ஒரு கன்னத்தில் சரிந்து விழுந்து, உதட்டைத் தொடாமல் நிற்க வேண்டும். மேலுதட்டில் மீசைபோல விழுந்தால் காலையில் நேரம் பிந்திவிட்டது, பின்னேரத்தில் இன்னும் நேரம் வரவில்லை.

வவுனியாவிலுள்ள, வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் சிலைக்கு ஓகஸ்ட் 25 நினைவு நாளில் மாலை போடுவார்கள். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாளாக அது நினைவுகூரப்படுகிறது. வெயில் உச்சிக்கு ஏறும் கிழமையும் அதுவேதான். அன்று பத்து மணிக்குப் பிறகு சிலையைத் தனியாக எடுக்க மினக்கெட வேண்டாம். சனத்தையும் மாலையையும் எடுத்துக்கொண்டு, சிலைக்கு இன்னொரு நாள் காலையில் வாருங்கள். மாலை காய்ந்து சருகாகத் தொங்கிக்கொண்டிருந்தால் பராமரிப்பவர்களிடம் சொல்லி எடுப்பியுங்கள். நீங்களாகப் பீடத்தில் ஏற வேண்டாம்.

மூடம் போட்ட நாளை வீணான நாள் என்று எண்ணாதீர்கள். நம்மூர்ச் சிலைகளில் மிகப் பல சீமெந்தில் செய்து எனாமல் பெயின்ற் அடித்தவை. தங்க நிறமோ வெள்ளி நிறமோ பூசியிருந்தால் வெயிலில் நெற்றியும் தோளும் பளிச்சென்று வெளுத்து, அந்த இடத்தில் எந்த விவரமும் பதியாது. மூடத்தில் அந்தப் பளபளப்பு அடங்கிவிடும். வானம் மட்டும் வெறும் வெள்ளையாக இருக்கும் என்பதால் அதைப் படச் சட்டத்துக்குள் விடாதீர்கள். பின்னால் வேம்போ வாகையோ நின்றால் அந்த இலைப்பச்சைக்கு முன்னால் சிலை வரும்படி இடம் மாறி நில்லுங்கள்.

மழை கழுவிய சிலை அழகுதான். ஆனாலும் மழை விட்டவுடன் எடுத்தால் சீமெந்து ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாகித் திட்டுத்திட்டாகத் தெரியும். இரண்டு, மூன்று மணித்தியாலம் வெயில் பட விடுங்கள். சோளகம் வீசும் மாதங்களில் நிலைமை வேறு: கிரவல் புழுதி தலையிலும் இமையிலும் தோளிலும் படிந்து, படத்தில் மேற்பாகம் மட்டும் செம்மஞ்சளாகும். அனுமதி இருந்தால் மென்மையான, உலர்ந்த தூரிகையால் தட்டலாம். ஈரத்துணி வேண்டாம், வெயிலில் மக்கிப்போன பெயின்ற் கரைந்து கோடுகோடாக வழியும்.

எவ்வளவு தள்ளி நிற்பது

பீடம் 8 அடி, சிலை 7 அடி என்று வைப்போம். மொத்தம் 15 அடி. 10 அடி தூரத்தில் நின்று எடுத்தால் தலையைப் பார்க்கக் கமரா 45 பாகை நிமிர வேண்டும். நாடியும் மூக்குத்துவாரமும் பெரிதாவது இதனால்தான். மூன்று மடங்கு, அதாவது 45 அடி தள்ளிப் போனால் அது ஏறத்தாழ 12 பாகையாகக் குறைந்து, முகம் முகமாகத் தெரியும். ஆகவே மொத்த உயரத்தின் மூன்று மடங்கு தூரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தூரத்தில் போனின் 3 மடங்கு வில்லையைப் போட்டு நெடுக்காகப் பிடித்தால், சிலையும் பீடமும் சட்டத்தின் உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக நிரப்பும். மிச்சம் இருக்கும் வெளி, பின்னால் சரிவைத் திருத்தும்போது வெட்டுப்படுவதற்காக. 1 மடங்கு வில்லை மட்டுமே உள்ள போன் என்றால் விரலால் பெருப்பிக்காமல் அப்படியே எடுத்துப் பிறகு வெட்டுங்கள். 12 மெகாபிக்சல் படத்தில் சிலையும் பீடமும் சேர்ந்து ஏறக்குறைய 970 பிக்சல் உயரந்தான் வரும். வட்ஸ்அப்புக்குத் தாராளம், 4க்கு 6 அங்குலப் பிரதிக்கே கொஞ்சம் போதாது.

தள்ளிப் போனால் இடையில் வீதி வரும். ஏ9 வீதிக்கரையில் என்றால் பஸ்ஸும் ஓட்டோவும் ஓயாது. வீதிக்குள் இறங்காமல் எதிர்க்கரையில் ட்ரைபொட் வைத்து, ஒரே சட்டத்தில் பத்துப் படம் எடுங்கள். ஒன்றில் மறைந்த பீடம் இன்னொன்றில் வெளித்திருக்கும். கிம்ப் மென்பொருளில் இரண்டையும் அடுக்கி, வாகனம் நிற்கும் இடத்தை மட்டும் அழித்தால் கீழேயுள்ள வெற்றுவீதி தெரியும். ஞாயிறு காலையில் போனால் இந்த வேலையே மிச்சம். முகாமோ சோதனைச் சாவடியோ பின்னணியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பி சிலைக்கு முன்னால் போகிறதென்றால் அதைத் தாண்டி உள்ளே வந்து நில்லுங்கள், தூரம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. பின்னால் போகிறதென்றால் கமராவை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். சிலை எழும்ப, கம்பி கொஞ்சம் தாழும். கழுத்தையும் முகத்தையும் விட்டு அது விலகினால் போதும்.

கமராவில் மாற்ற வேண்டியவை

முகத்தில் விரலை வைத்து ஒளியைப் பூட்டுங்கள். பின்னணி வெளிர் வானம் என்றால் ஒளியளவை +1 வரை கூட்டலாம். தங்கப் பூச்சு, வெயில் என்றால் -0.7 வரை குறையுங்கள். கரும் பூச்சுச் சிலையைக் கமரா தேவைக்கு மேல் வெளிறச் செய்து சாம்பல் ஆக்கும், அதற்கும் -0.7 தொடக்கம் -1 வரை. சந்தேகம் இருந்தால் குறைத்தே எடுங்கள். இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளுத்துப்போனதை மீட்க வழியில்லை. போனில் டிஎன்ஜி (சுருக்காத மூலப்படம்) வசதி இருந்தால் அதில் எடுப்பது இரண்டுக்கும் கை கொடுக்கும்.

போட்ரெய்ட் முறையை நிறுத்திவிடுங்கள். அது வாள் நுனியையும் கிரீட முனையையும் பின்னணி என்று நினைத்து மங்கச் செய்யும். எனாமல் பளபளப்பைக் குறைக்கப் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியை வில்லைக்கு முன் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். உலோகத்தூள் கலந்த தங்கப் பூச்சில் மட்டும் பெரிதாக மாற்றம் வராது. ரெஜிபோம் அட்டையால் வெளிச்சம் திருப்பும் வித்தை மார்பளவுச் சிலைகளுக்குச் சரி, 8 அடிப் பீடத்தின் உச்சிக்கு எட்டாது.

இரவு என்றால் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்குள் முடியுங்கள், நம் பக்கத்தில் அந்தி அவ்வளவுதான். பிறகு கீழிருந்து அடிக்கும் எல்ஈடி விளக்குகள் முகத்தைப் பேய்முகம் ஆக்கும். படத்தில் பட்டைபட்டையாகக் கோடு வந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செக்கனாக வையுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ்.

திருத்துதல்

ஸ்னாப்சீட் என்ற போன் செயலி இலவசம், இந்த வேலைக்குப் போதும். ஒழுங்கு முக்கியம்: முதலில் சரிவு. பீடத்தின் இரண்டு விளிம்புகளும் மேலே நெருங்குவதைப் பேர்ஸ்பெக்டிவ் கருவியால் விரியுங்கள், ஆனால் முழுக்க அல்ல, முக்கால்வாசி போதும். முழுக்க நிமிர்த்தினால் தலை வீங்கித் தெரியும்.

அடுத்து ஹைலைட் -40 அளவில், ஷடோ +30 அளவில். முகம் இன்னும் இருட்டென்றால் முழுப் படத்தையும் தூக்காமல் செலக்டிவ் புள்ளியைக் கன்னத்தில் வைத்து, இரு விரலால் வட்டத்தை முகத்தளவுக்குச் சுருக்கி, வெளிச்சத்தை +20 கூட்டுங்கள். ஸ்ட்ரக்சர் +15 போதும். 40ஐத் தாண்டினால் சீமெந்தின் துளைகள் அம்மைத் தழும்புபோல எழும்பும், தலையைச் சுற்றி வெள்ளை வளையம் கட்டும்.

கம்பியைக் கடைசியில் எடுங்கள். படத்தைப் பெருப்பித்து, அரை அங்குலத் துண்டுகளாக ஹீலிங் செய்யுங்கள். ஒரே இழுப்பில் இழுத்தால் வானத்தில் தழும்பு விழும். தோள் விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்துங்கள். விளிம்பைத் தொட்டால் தோளில் நீல வானம் அப்பும். காக எச்சமும் இதே முறையில் போகும். பீடத்தில் பொறித்த எழுத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், திருத்தும் கருவி இல்லாத எழுத்தை உண்டாக்கிவிடும். எழுத்து தெளிவாக வேண்டுமென்றால், வெயில் கல்லை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போகும் நேரத்தில் அதைத் தனியாக ஒரு படம் எடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும்.

மூலப்படத்தை அழிக்காமல் திருத்தியதை வேறு பெயரில் சேமியுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அல்ல, டொக்கியூமென்டாக இணைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது சுருக்குகிற சுருக்கில் கன்னத்தின் நிழல் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும்.